நமீபியா யாத்திரை – 4: மூடுபனியைப் பருகும் பாலை

சென்ற வாரம், பாலைக்குள் செல்லும் செஸ்ரியம் வாயிலில் பொழுது புலரக் காத்திருந்த கட்டத்தில் நிறுத்தியிருந்தேன். கதவு திறந்ததும் எங்கள் வண்டி, ஒருபுறம் நிழலின் கருமையும் மறுபுறம் இளவெயிலின் செம்மையும் பூண்டு நின்ற மணற்குன்றுகளினூடே விரைந்தது. வாயிலிலிருந்து 45-ஆவது கிலோமீட்டரில் இருப்பதனாலேயே அவ்வெண்ணைப் பெயராகக் கொண்ட குன்றின் முகட்டை நோக்கிக் குழந்தைகள் ஏறத் தொடங்க, எழுபது வயதைக் கடந்த என் தாயார் அடிவாரத்தில் அமர்ந்து ஒரு பிடி மணலை அள்ளி, "செங்கற்பொடி மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று வியந்தார். ஆரஞ்சு நதி கண்டத்தின் உட்பகுதியிலிருந்து வாரிக்கொண்டுபோய் அட்லாண்டிக் சமுத்திரத்தில் சேர்த்து, நீரோட்டம் வடக்கே தள்ளி, அலை கரையேற்றி, காற்று சுமந்து வந்து குவித்த மணல் அது. இரும்புத் துரு படிந்ததால் சிவந்தது.

அங்கிருந்து டெட்விலை சென்றோம். முன்னொரு காலத்தில் ட்சௌகாப் ஆற்றின் வெள்ளம் எட்டிய அந்தத் தாழ்நிலத்தை மணற்குன்றுகள் அடைத்துக்கொள்ளவே, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பட்டுப்போன வேல மரங்கள், வெண்களிமண் தரைமீது கரிய உருவங்களாக இன்றும் நிற்கின்றன. "இத்தனை காலம் மட்காமல் எப்படியடா நிற்கின்றன?" என்று அம்மா கேட்டார். காற்றில் ஈரமில்லாமையே காரணம் என்றேன். "மட்குவதற்குக்கூடத் தண்ணீர் வேண்டியிருக்கிறதே!" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் அவர் பேசவில்லை.

திரும்பும் வழியில், நிழலேயில்லாத வெளியில் ஒரிக்ஸ் மான் ஒன்று அசையாமல் நின்றது. பகலில் தன் தேகத்தின் உஷ்ணம் நாற்பது டிகிரியைத் தாண்ட விட்டு, வியர்வையாக நீர் விரயமாகாமல் காக்கும் பிராணி அது; மூளைக்குச் செல்லும் இரத்தத்தை மாத்திரம், மூக்கின் வழியே குளிர்ந்து திரும்பும் இரத்தம் தணித்துவிடுகிறதாம்.

ஆயினும், இப்பாலையின் உண்மையான மகத்துவத்தை நான் உணர்ந்தது கடற்கரை நகரமான ஸ்வாகோப்முண்டில்தான். பென்குவேலா என்னும் குளிர்ந்த நீரோட்டம், மழை மேகம் எழ விடாமல் தடுத்துப் பாலையை உண்டாக்கியதோடு நில்லாமல், தான் மறுத்த மழைக்கு ஈடாக மூடுபனியையும் அனுப்பிவைக்கிறது. பனி இறங்கும் வேளையில் மணல்முகட்டில் ஏறி, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நின்று, முதுகில் படியும் பனித்துளி வாய்க்கு வழிந்து வரும்வரை காத்திருக்கும் ஒரு கருவண்டைப் பற்றி 1976-இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்தக் காட்சி எங்களுக்குக் கிட்டவில்லை. வண்டினம் நடந்த தடத்தை மட்டும் வழிகாட்டி காண்பித்தார். ஆயுள் முழுவதற்கும் இரண்டே இலைகளைக் கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் ஜீவிக்கவல்ல வெல்விட்சியா என்னும் செடியையும் அவர்தாம் எங்களை அழைத்துச் சென்று காட்டினார். இவற்றையெல்லாம் கண்டபின், பாலையை வெறும் பாழ்நிலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரளைச் சமவெளியில், நம் சமையலறைக் கற்பாசிக்கு உறவான லைக்கன் வகைகள், பனியின் ஈரத்தை நம்பியே கற்களின்மேல் படர்ந்திருக்கின்றன. அவற்றின்மீது ஏறிய வண்டிச் சக்கரங்களின் தடம் பல பத்தாண்டுகள் சென்றும் மறையாமல் கிடப்பதை வழிகாட்டி காட்டியபோது, குழந்தைகள் தாமாகவே பாதைக்குத் திரும்பி வந்து நின்றார்கள். அங்கு செல்லும் பாக்கியம் பெறும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: படம் பிடிக்கும் ஆசைக்காகக்கூட வண்டியைப் பாதையை விட்டு இறக்காதீர்கள்.