ஐயாயிரம் அடிக்கு மேலே ஒரு வரவு செலவு

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கொழுந்துக்குக் கிலோ, வேலைக்குப் பேர், பேருக்குச் செக்ரோல். அதே மலையில் வாழும் பறவைகளின் கணக்கையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிப் பார்ப்போம்.

செலவு

1867: லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். கோப்பிக்காக மலைக்காடு அதற்கு முன்பே சாய்ந்திருந்தது. 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் பிடிக்க, மலை மலையாகத் தேயிலை ஏறியது. அந்தக் கோப்பியையும் பிறகு கொழுந்தையும் சுமந்தவை தமிழகத்திலிருந்து நடந்து வந்த நம் முன்னோரின் முதுகுகள்.

1873: தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலுள்ள அரச காட்டை விற்பது நிறுத்தப்பட்டது. இன்று நாம் பார்க்கும் மலைப்பறவைகள் பெரும்பாலும் அந்த ஒரு கோட்டுக்கு மேலே பிழைத்தவை. நுவரெலியா நகரம் இருப்பது 6,128 அடியில்.

இருப்பு

ஹோர்ட்டன் சமவெளி: சுமார் 3,160 ஹெக்டேர், 1988 முதல் தேசியப் பூங்கா. ஹற்றன் பக்கத்தில் சிவனொளிபாதமலைக் காடு: 20,000 ஹெக்டேருக்கு மேல். இவ்விரண்டும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் பறவைகள் 30 இனங்களுக்கு மேல். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, மங்கல்நீல ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி ஆகிய மூன்றையும் நுவரெலியாவைச் சுற்றியே காணலாம். நான்காவதான இலங்கைச் சீகாரப் பூங்குருவிக்குப் பொறுமை வேண்டும். அடர்ந்த காட்டுக்குள் வேகமாக ஓடும் ஓடைதான் அதன் வீடு. விடியும் பொழுதிலும் இருட்டும் பொழுதிலும்தான் வெளியே வரும். 1872இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது சாமுவேல் பிளை என்ற கோப்பித் துரையின் பெயரைச் சேர்த்தார்கள். காட்டை வெட்டிய தொழிலின் பெயர், காடின்றி வாழ முடியாத குருவியின் மேல் நிற்கிறது. இன்று அது அழிவாபத்தில் உள்ள இனம்.

வரவு

விக்டோரியா பூங்கா: 27 ஏக்கர், 1897. நுவரெலியா நகரின் நடுவே, பஸ் சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குளிர்காலம் தொடங்கும்போது காஷ்மீர் ஈப்பிடிப்பான் இங்கே வந்து இறங்கும். நீளம் 13 சென்டிமீட்டர். கடந்து வந்த தூரம், நேர்கோட்டில் பார்த்தாலே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். இமயத்து அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவியும் வரும். பூங்காவையும் அருகிலுள்ள கால்வேஸ் லேண்ட் காட்டையும் கூட்டினாலும் 40 ஹெக்டேரைத் தாண்டாது. ஹோர்ட்டன் சமவெளியில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. அந்தத் துண்டு நிலத்தை நம்பித்தான் இத்தனை தூரம் பறந்து வருகின்றன.

இனி எழுத வேண்டிய வரி

தேயிலையை 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 5,445 செடி. பூங்குருவிக்காக ஓடையின் இரு கரையிலும் 30 அடி காட்டுக்கு விட்டால், 726 அடி நீளத்துக்கு ஒரு ஏக்கர் போகும். ஓடைக்கரைச் சரிவில் அந்த ஏக்கர் மண்ணைப் பிடித்துவைக்கும். லயத்துப் பீலிக்கு வரும் தண்ணீரைக் காக்கும். அந்த 5,445 செடியின் இழப்பைத் தோட்டமும் அரசும் ஏற்க வேண்டும். 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாயைத் தொட்ட அடிப்படை நாட்சம்பளத்தில் அதைக் கழிக்கக் கூடாது.

டெய்லர் நட்ட அளவுக்கு, வெறும் 19 ஏக்கரை, ஓடைகளுக்குத் திருப்பிக் கொடுத்தால் 13,794 அடி நீளத்துக்குக் காடு கிடைக்கும், அதாவது 4.2 கிலோமீட்டர். பூங்குருவி ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு நிழலிலேயே போய்ச் சேர அது போதும்.