கருத்துக்கேட்பு கூட்டத்தில் பேசினால் யார் கேட்பார்கள்? காட்டுப்பள்ளி முதல் கும்மிடிப்பூண்டி வரை ஒரு பார்வை

2021 ஜனவரி 22. திருவள்ளூர் மாவட்டம் காட்டுப்பள்ளியில் உள்ள துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் பற்றி, பொதுமக்கள் கருத்துக்கேட்பு கூட்டம் நடப்பதாக இருந்த நாள். கொரோனா கட்டுப்பாடுகளைக் காரணம் காட்டி தள்ளிவைத்தார்கள். இரண்டரை வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 5 என்று அடுத்த தேதி வந்தது. அந்தக் கூட்டமும் தேதிக்கு முன்பே நிறுத்தப்பட்டது.

இரண்டு முறையும் ஊருக்குள் எதிர்ப்பு இருந்தது. ‘திட்டமே வேண்டாம், அப்புறம் கூட்டம் எதுக்கு?’ என்று கேட்டவர்கள் உண்டு. ‘கூட்டம் நடந்தால்தானே எங்க பக்கத்தைப் பதிவு பண்ண முடியும்?’ என்று கேட்டவர்களும் உண்டு.

இது ஒரு துறைமுகத்தோடு முடியும் கேள்வி அல்ல. அனல்மின் நிலையம், சிப்காட் ஆலை, சோலார் பூங்கா என எது வந்தாலும், பக்கத்தில் வாழ்பவர்கள் எங்கே, எப்படிப் பேசுவது? பேசினால் சட்டப்படி அதற்கு என்ன மதிப்பு?

முதலில், காட்டுப்பள்ளியில் என்ன திட்டம்?

கடலுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டுதான் காட்டுப்பள்ளி. தெற்கே எண்ணூர் கழிமுகம், வடக்கே பழவேற்காடு ஏரி. எல் அண்ட் டி நிறுவனம் கட்டிய இந்தத் துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது.

330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தைச் சுமார் 6,110 ஏக்கராகப் பெரிதாக்குவதே முன்மொழிவு. இதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர், கடலைத் தூர்த்து உருவாக்க வேண்டிய நிலம். ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னாக உள்ள சரக்குக் கையாளும் திறன் 320 மில்லியன் டன்னாக உயரும் என்றும், மதிப்பீடு 53,031 கோடி ரூபாய் என்றும் திட்ட ஆவணங்கள் சொல்கின்றன.

ஆதரவாளர்களின் வாதம் முதலீடு, வேலை, ஏற்றுமதி. எதிர்ப்பவர்களின் வாதம் கடல் அரிப்பு, வெள்ளம் வடிவதில் தடை, நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது, மீன்பிடி இடங்கள் பறிபோவது. இரண்டுமே வாழ்க்கைப் பிரச்சினைதான். பொன்னேரியில் வேலை தேடும் டிப்ளமோ பட்டதாரிக்கும் பழவேற்காட்டில் வலை போடுபவருக்கும் பொதுவான ஒரு மேடை வேண்டும். அதற்காகச் சட்டத்தில் உள்ள ஏற்பாடுதான் கருத்துக்கேட்பு கூட்டம்.

கூட்டத்தின் விதிகள் என்ன?

இந்தியாவில் இது கட்டாயமானது 1997-ல். இப்போது நடைமுறையில் இருப்பது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2006 செப்டம்பர் 14-ல் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன் முக்கிய விதிகள்:

- கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை வகிப்பவர் மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி.
- குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். அதில் ஒன்று உள்ளூர் மொழி நாளிதழாக இருக்க வேண்டும்.
- வரைவு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும்.
- கூட்டம் திட்டம் வரும் இடத்தில் அல்லது அதற்கு மிக அருகில் நடக்க வேண்டும்.
- வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கவும் விளக்கம் பெறவும் வாய்ப்பு தர வேண்டும்.
- முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கி, அன்றே கையெழுத்திட வேண்டும்.
- மக்கள் எழுப்பிய பிரச்சினைகளையும் அவற்றுக்கு நிறுவனம் தரும் பதிலையும் பட்டியலாக்கி இணைக்க வேண்டும்.

இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. பத்து பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் பதிவாகும். ‘நாம போகாம விட்டா கூட்டம் செல்லாது’ என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இது ஓட்டெடுப்பா?

இல்லை. பெரும்பாலான குழப்பமும் ஏமாற்றமும் தொடங்குவது இங்கேதான். ஆயிரம் பேர் ‘வேண்டாம்’ என்றாலும், அதனால் மட்டுமே திட்டம் நின்றுவிடாது. ஆயிரம் பேர் ‘வேண்டும்’ என்றாலும் அனுமதி உறுதியாகாது. கை தூக்கச் சொல்லி எண்ணும் வழக்கமே இதில் இல்லை.

மக்கள் சொன்ன ‘வேண்டாம்’ முடிவையே மாற்றிய உதாரணமும் உண்டு, ஆனால் வேறொரு சட்டத்தின் கீழ். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டம் பற்றிக் கிராம சபைகளே முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய 12 கிராம சபைகளும் மறுத்தன. அது வன உரிமைச் சட்டம் தந்த அதிகாரம். காட்டுப்பள்ளி போன்ற கடலோர ஊர்களின் கருத்துக்கேட்பு கூட்டத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

அப்புறம் எதுக்குப் போகணும்?

பதிவுக்காக. கூட்டத்தில் சொன்னது இறுதி அறிக்கைக்குள் போகிறது. அதை நிபுணர் மதிப்பீட்டுக் குழு படித்துப் பார்த்த பிறகே பரிந்துரை செய்ய வேண்டும். ‘படித்தோம், சரி’ என்று ஒரு வரியில் முடித்துவிடவும் முடியாது. மக்களின் ஆட்சேபங்களை எப்படிப் பரிசீலித்தோம் என்பதைக் குழு காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று, கோவா சுரங்க வழக்கு ஒன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009 நவம்பரில் தீர்ப்பளித்தது. ‘உத்கர்ஷ் மண்டல் வழக்கு’ என்று இதைக் குறிப்பிடுவார்கள்.

அதாவது, கூட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால், அதுவே நாளை நீதிமன்றத்திலோ தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திலோ ஒரு வாதமாகும். கேட்கவே இல்லை என்றால் அந்த வாதம் பலவீனமாகிவிடும்.

அதனால் கேள்வியின் தரம் முக்கியம். ‘எங்க வாழ்வாதாரம் போயிடும்’ என்பது உண்மையான வேதனை. ஆனால் குறிப்பேட்டில் அது ஒரு வரி. ‘இந்த மாதத்தில், இந்த முகத்துவாரத்தில், இத்தனை படகுகள் இறால் பிடிக்கின்றன, அறிக்கையில் அது ஏன் இல்லை?’ என்று கேட்டால் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும். பழவேற்காடு மீனவர்களிடம் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று குலுக்கல் போட்டு முறை வைக்கும் ‘பாடு’ வழக்கம் அங்கே தலைமுறைகளாக உண்டு. ஏரியின் ஒவ்வொரு மூலைக்கும் கணக்கு வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்தக் கணக்கு கூட்டத்தின் காகிதத்தில் ஏற வேண்டும்.

கரன்ட் வேணும், சாம்பல் வேணாம்: நடந்த ஒரு கூட்டம்

2024 டிசம்பர் 20-ல், எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத் திட்டத்துக்காகக் கருத்துக்கேட்பு கூட்டம் நடந்தது. 660 மெகாவாட் அலகு அது. வந்தவர்களில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆதரித்துப் பேசியவர்களும் இருந்தார்கள்.

பின்னணி தெரிந்தால் அந்தச் சூடு புரியும். வட சென்னை அனல்மின் நிலையம், 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் எல்லாமே இந்தச் சின்னப் பரப்புக்குள் இருக்கின்றன. சாம்பல் குழாய்க் கசிவும் கழிமுகத்தில் சாம்பல் படிந்ததும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். மின்சாரம் மாநிலம் முழுக்கப் போகிறது, சாம்பல் மட்டும் இங்கேயே தங்குகிறது என்பதே மக்களின் கேள்வி. ‘அப்போ மாநிலத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?’ என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே.

எங்கெல்லாம் கூட்டமே கிடையாது?

‘காற்றாலை, சோலார் போட்டுடலாமே’ என்பது சட்டென்று வரும் பதில். ஆனால் 2006 அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலைகள் இல்லை. சோலார் மின்பலகைத் திட்டங்களுக்கு இது பொருந்தாது என்று அமைச்சகமே தெளிவுபடுத்திவிட்டது. 2016-ல் ராமநாதபுரம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. அந்த அளவில் வந்தாலும் இந்தச் சட்டப்படி கருத்துக்கேட்பு தேவையில்லை. புகை, சாம்பல் இல்லை என்பது விலக்குக்கான நியாயம். மேய்ச்சல் நிலம், தண்ணீர், பாதை பற்றி யாரிடம் பேசுவது என்பது ஊர்க்காரர்களின் கேள்வி.

அடுத்து சிப்காட். அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2006 அறிவிக்கை விலக்கு தருகிறது. எந்தப் பேட்டைக்கு இது பொருந்தும் என்பதில் அமைச்சகம் பிறகு பல விளக்கங்களை வெளியிட்டது. இரும்பு உருக்கு ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் இது சாதாரண விஷயம் அல்ல. ஆலை பேட்டைக்குள் இருந்தாலும் அதன் புகை காம்பவுண்டுச் சுவரோடு நின்றுவிடுவதில்லை.

இந்த விலக்கு எவ்வளவு பெரிய பிரச்சினையாகலாம் என்பதற்கு உதாரணம் தூத்துக்குடி. ஸ்டெர்லைட்டின் இரண்டாவது உருக்காலை, சிப்காட் வளாகத்தில் இருப்பதைக் காரணம் காட்டி கருத்துக்கேட்பில் இருந்து தப்பியிருந்தது. 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அந்த மே 23-ல், விரிவாக்கப் பணிக்கு இடைக்காலத் தடை விதித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மக்கள் கருத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கூட்டம் நடந்திருந்தால் எல்லாம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மண்டபத்துக்குள் கேட்க வேண்டிய கேள்வி, வழியில்லாமல் தெருவுக்கு வரும் என்பது உண்மை.

2025 செப்டம்பரில் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்கும் கருத்துக்கேட்பில் இருந்து விலக்கு தரப்பட்டது. தமிழக அரசு இதை எதிர்த்தது. விலக்குப் பட்டியல் நீளமாகிக்கொண்டே போகிறது.

பேச விடுவாங்களா?

அரசியலமைப்பின் 19-வது பிரிவு, கருத்துச் சொல்லும் உரிமையையும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம்.

2006 அறிவிக்கையில் பலர் கவனிக்காத ஒரு பிரிவும் இருக்கிறது. உள்ளூர்ச் சூழல் காரணமாக, மக்கள் சுதந்திரமாகப் பேசும்படி கூட்டம் நடத்த முடியாது என்று அதிகாரிகள் அறிக்கை தந்தால், கூட்டமே தேவையில்லை என்று அனுமதி தரும் அமைப்பு முடிவு செய்யலாம். ஆக, மைக்கைப் பிடுங்குவதும் நாற்காலியை வீசுவதும் கடைசியில் யாருக்கு உதவும் என்று யோசித்துப் பார்க்கலாம். எதிராளி பேசும்போது கூச்சல் போட்டால் நம் முறையும் சேர்ந்தே போய்விடும் அபாயம் உண்டு. வேலைக்காகத் திட்டத்தை ஆதரிப்பவரைக் ‘கூலிக்கு வந்தவன்’ என்பதும், எதிர்ப்பவரை ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்பதும் குறிப்பேட்டில் ஒரு கேள்வியைக்கூடச் சேர்க்காது.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்யலாம்?

- தேதியைப் பாருங்கள். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே 30 நாள் இருக்கிறதா? இல்லையென்றால் உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.
- வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். வாரிய இணையதளத்தில் சுருக்கத்தைத் தேடுங்கள்.
- முழுவதும் படிக்க நேரம் இல்லையா? உங்கள் ஊர்ப் பெயர், நீர்நிலை, காற்றுத் தர அளவீடு ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். இருக்கும் தப்பு பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.
- ஷிப்ட் காரணமாகப் போக முடியாதா? எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். ஊரில் நேரடியாகப் பாதிக்கப்படாத, ஆனால் நியாயமான அக்கறை உள்ளவர்களுக்கும் இந்த வழி உண்டு.
- போனால், இரண்டே நிமிடம், ஒரே கேள்வி. பேசியதை எழுதியும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.
- நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கும் வரை இருங்கள். பெரும்பாலானவர்கள் கிளம்பிவிடும் நேரம் அது. நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால், அங்கேயே எழுந்து சொல்லலாம்.