உங்களுக்குத் தெரியுமா? பூமியில் சூரியன் செய்யக் கைகோத்த அரசும் தனியாரும்!

சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் நடத்தி மின்சாரம் எடுக்க வேண்டும். அதுதான் அணுக்கரு இணைவு. பல பத்தாண்டுகளாக இது அரசாங்க ஆய்வுக்கூடங்களின் வேலை. இன்று? 2025இல் எடுத்த உலகக் கணக்கில் 53 நிறுவனங்கள்! திரட்டிய பணம் ஏறத்தாழ 977 கோடி டாலர். நம் பணத்தில் 80,000 கோடி ரூபாயைத் தாண்டும்!

இதில் அரசுகள் கொடுத்தது எவ்வளவு? 80 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இத்தனை பணம் ஏன் கொட்டுகிறது என்கிறீர்களா? ஒரே ஒரு கிராம் எரிபொருளில் இருக்கும் ஆற்றல், 11 டன் நிலக்கரிக்குச் சமம்!

அந்த எரிபொருளில் பாதி கடலில் கிடக்கிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 33 கிராம் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன்!

மறுபாதி டிரிட்டியம், அதைவிடக் கனமான ஹைட்ரஜன். இதற்குத்தான் மகா பஞ்சம்! உலகம் முழுக்கத் தேடினாலும் கைவசம் இருப்பது 20, 25 கிலோதான். பெரும்பகுதி கனடாவின் கனநீர் உலைகளில் கிடைப்பது. வைத்துப் பூட்டினாலும் 12.3 ஆண்டுகளில் பாதி கரைந்துவிடும்!

அதற்கும் ஒரு கூட்டு தயார்! கியோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் பிறந்த கியோட்டோ ஃபியூஷனியரிங் நிறுவனமும், கனடாவின் அணு ஆய்வுக்கூடமும் சேர்ந்து 2024இல் தனி நிறுவனமே தொடங்கிவிட்டன. வேலை என்ன? டிரிட்டியத்தைச் சேதாரமில்லாமல் மீட்டுச் சுத்திகரித்து மறுபடி உலைக்குள் அனுப்பும் சுழற்சி. அது மட்டும்தான்!

இனி நம் நாட்டுச் சங்கதி. இதைச் சொல்லும்போதே பெருமையாக இருக்கிறது!

பிரான்சின் தெற்கே உயர்ந்து நிற்கிறது இட்டர். 30க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து கட்டும் இணைவு உலை. எடை 23,000 டன். அந்த உலையை மொத்தமாக மூடி நிற்கும் ராட்சதக் குளிர்கலம் எங்கே செய்தது தெரியுமா? குஜராத்தின் ஹசீராவில்! செய்தவர்கள் எல் அண்ட் டி!

உயரம் 29 மீட்டர். அகலமும் 29 மீட்டர். எடை 3,850 டன். துருப்பிடிக்காத எஃகில் இதைவிடப் பெரிய உயர் வெற்றிடக் கலத்தை உலகத்தில் யாரும் செய்ததே இல்லை. உள்ளே 16,000 கன மீட்டர் இடம்!

இவ்வளவு பெரிய கலத்தை எந்தக் கப்பலில் ஏற்றுவது? ஏற்றவில்லை! 54 துண்டுகளாகச் செய்து அனுப்பினார்கள். அங்கேயே இந்தியா ஒரு பட்டறை கட்டியது. உலை வளாகத்தில் வைத்தே பற்றவைத்து ஒட்டினார்கள். அடிப்பகுதி மட்டும் 1,250 டன். 2020 மே மாதம் பளு தூக்கிகள் அதை அலாக்காகத் தூக்கிக் குழிக்குள் இறக்கின!

பணம் இந்திய அரசின் அணுசக்தித் துறையுடையது. மேற்பார்வை காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்துடையது. பட்டறை தனியாருடையது. அரசு, தனியார் கூட்டு என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் ஹசீராவைக் காட்டுங்கள்!

இட்டரின் நடுக்காந்தத்தைச் செய்ததும் ஒரு தனியார் நிறுவனம்தான். அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ்! 18 மீட்டர் உயரம், 1,000 டன் எடை. ஒரு விமானந்தாங்கிக் கப்பலையே தூக்கும் அளவுக்கு அதற்குப் பலம்!

உலைக்குள் இருக்கும் மின்னேற்ற வாயு, அதாவது பிளாஸ்மா, 15 கோடி டிகிரி செல்சியஸ். சில மீட்டர் தள்ளி இருக்கும் காந்தமோ மைனஸ் 269 டிகிரி. சூரியனின் மையத்தைப் போல 10 மடங்கு சூடும், விண்வெளி போன்ற குளிரும் ஒரே கட்டடத்தில்!

இட்டருக்கு விதை போட்டது எந்த ஆண்டு? 1985! ஜெனீவாவில் ரீகனும் கோர்பசேவும் சந்தித்தபோது. முழு எரிபொருளில் அது ஓடப்போவது 2039இல்!

தனியாருக்கு அவ்வளவு பொறுமை ஏது! அவர்கள் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆல்கேட்டர் சி-மாட் என்று ஒரு உலை இருந்தது. அரசு நிதி நின்றது. 2016 செப்டம்பரில் இழுத்து மூட உத்தரவு. கடைசி நாள் ஓட்டத்தில் அந்த உலை என்ன செய்தது தெரியுமா? பிளாஸ்மா அழுத்தத்தில் உலக சாதனை! 2.05 வளிமண்டல அழுத்தம்!

உலை மூடியது. அங்கே வளர்ந்த அறிவு சும்மா இருக்கவில்லை. 2018இல் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் எம்.ஐ.டி.யிலிருந்தே முளைத்தது. 2021 செப்டம்பர் 5 அன்று இரு தரப்பும் சேர்ந்து ஒரு மீகடத்திக் காந்தத்தை முடுக்கின. காந்தப்புலம் 20 டெஸ்லா! ஸ்கேன் சென்டரில் உங்களைப் படுக்கவைக்கும் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் 1.5 டெஸ்லாதான்!

அந்த ஒரு காந்தத்துக்குள் சுற்றிய மீகடத்தி நாடாவின் நீளம் 267 கிலோமீட்டர்!

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் எண் ஒன்று இருக்கிறது. பழைய செம்புக் காந்தத்துக்குத் தேவைப்பட்ட மின்சாரம் 20 கோடி வாட். புதியதற்கு? வெறும் 30 வாட்! வீட்டு மின்விசிறிக்கே இதைவிட அதிகம் வேண்டும்!

அதே ஆண்டு டிசம்பரில் அந்த நிறுவனத்தின் பையில் விழுந்தது 180 கோடி டாலர். இருக்காதா பின்னே!

இப்போது அமெரிக்க அரசின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். 2023 மே மாதம் 8 நிறுவனங்களுக்கு 4 கோடியே 60 லட்சம் டாலர் அறிவித்தது. ஆனால் முன்பணம் கிடையாது! ஒவ்வொரு இலக்கையும் தொட்டுக் காட்டினால்தான் காசு!

இந்த வித்தையைக் கற்றது நாசாவிடம். சரக்கு விண்கலம் செய்ய ஸ்பேஸ் எக்ஸை வளர்த்துவிட்டது இதே முறைதான்!

பலன்? 4.6 கோடி டாலர் அரசுப் பணத்தைப் பார்த்து அந்த எட்டு நிறுவனங்களுக்கும் வந்து சேர்ந்த தனியார் பணம் 35 கோடி டாலருக்கு மேல்! அரசின் ஒரு டாலருக்குப் பின்னால் ஏழு டாலர்! பொதுப்பணத்தை இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செலவிட்ட திட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை!

அரசு ஆய்வுக்கூடத்தின் சாதனையிலும் தனியார் கை உண்டு. 2022 டிசம்பர் 5. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் அரசு ஆய்வுக்கூடம். 192 லேசர்கள் ஒரே நேரத்தில் ஒரு குட்டி இலக்கைத் தாக்கின. உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல். வெளியே வந்தது 3.15! லேசர் தந்ததைவிட இணைவு அதிகம் தந்தது உலகிலேயே அதுதான் முதல் முறை!

அந்த இலக்குக்குள் இருந்தது ஒரு வைரக் குமிழி. அகலம் இரண்டு மில்லிமீட்டர். வைரத்தைச் செய்தது யார்? ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்துச் சின்ன நிறுவனம் ஒன்று! எரிபொருள் ஊற்றும் குழாயின் விட்டம் வெறும் 2 மைக்ரான்!

இங்கிலாந்தின் கல்ஹாமில் ஜெட் என்ற பொது உலை. 40 ஆண்டு ஓடியது. 2023 அக்டோபரில் 5.2 நொடிகளில் 69 மெகாஜூல் தந்து சாதனை படைத்தது. எரித்தது 0.2 மில்லிகிராம்! அந்த வளாகத்திலிருந்து 2009இல் பிரிந்து வந்த டோக்காமாக் எனர்ஜி நிறுவனம், தன் சின்ன உலையில் 10 கோடி டிகிரியைத் தொட்டது 2022இல்!

நிலக்கரி நிலையம் மூடினால் என்ன வரும்? பிரிட்டனில் வெஸ்ட் பர்ட்டன் அனல்மின் நிலைய வளாகத்தில் வரப்போவது ஸ்டெப் என்ற இணைவு நிலையம். அரசு ஒதுக்கியது ஐந்தாண்டுக்கு 250 கோடி பவுண்டு!

அமெரிக்காவில் டென்னஸியிலும் அதே கதை! 2023இல் மூடிய புல் ரன் அனல்மின் நிலையத்தில் டைப் ஒன் எனர்ஜி நிறுவனம் சோதனை உலை வைக்கப்போகிறது. இடம் கொடுப்பது அமெரிக்க அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனம்!

2023 ஏப்ரலில் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் ஒருமனதாக முடிவெடுத்தது. இணைவு நிலையங்களுக்கு அணுப்பிளவு உலைகளின் கெடுபிடி வேண்டாம், துகள் முடுக்கிகளுக்கான விதிகளே போதும் என்று. நிறுவனங்களுக்கு இது கோடி டாலர் பரிசைவிடப் பெரிது!

சுவிட்சர்லாந்தில் ஒரு பல்கலைக்கழக உலையின் 19 காந்தச் சுருள்களைச் செயற்கை நுண்ணறிவு தனியாக ஓட்டியிருக்கிறது. சொல்லிக்கொடுத்தது கூகுளின் டீப்மைண்ட். உலகுக்குத் தெரிந்தது 2022 பிப்ரவரியில். நொடிக்கு 10,000 உத்தரவுகள்!

சீனா சும்மா இருக்குமா? 2025 ஜூலையில் ஷாங்காயில் அரசு தொடங்கிய இணைவு நிறுவனத்தின் மூலதனம் 1,500 கோடி யுவான்! பக்கத்திலேயே எனர்ஜி சிங்குலாரிட்டி என்ற இளம் தனியார் நிறுவனமும் உலை ஓட்டுகிறது!

சாட்ஜிபிடி புகழ் சாம் ஆல்ட்மன் 2021இல் ஹீலியன் நிறுவனத்தில் போட்ட சொந்தப் பணம் 37.5 கோடி டாலர்! 2023இல் மைக்ரோசாஃப்ட் அதே ஹீலியனுடன் ஒப்பந்தம் போட்டது. 2028 முதல் மின்சாரம் தர வேண்டும். இலக்கு 50 மெகாவாட்!

வர்ஜீனியாவில் காமன்வெல்த் ஃபியூஷன் கட்டத் திட்டமிட்டிருக்கும் நிலையத்தின் பெயர் ஆர்க். திறன் 400 மெகாவாட். அதில் பாதியை, 200 மெகாவாட்டை, 2025 ஜூனிலேயே கூகுள் பேசி முடித்துவிட்டது!

அடுத்து வந்து வாங்கியது யார் தெரியுமா? ஓர் எண்ணெய் நிறுவனம்! இத்தாலியின் ஏனி. அதன் பெரிய பங்குதாரர் இத்தாலி அரசு. 2025 செப்டம்பரில் போட்ட அந்த மின்சார ஒப்பந்தத்தின் மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல்!