நியூட்டின் உடலில் தோன்றும் மாற்றங்கள்

வால் உள்ள இருவாழ்விகளான சாலமண்டர்களின் ஒரு பிரிவே நியூட்டுகள். அவற்றுள் கண்ணாடித் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படுபவற்றுள் ஒன்று, ஜப்பானின் ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு தீவுகளுக்கே உரிய, கருத்த முதுகும் செந்நிற வயிறும் கொண்ட தீவயிற்று நியூட் ஆகும். இதன் தோற்றம் திடீரென மாறும்போது வளர்ப்போர் நோயென்று அஞ்சுவது இயல்பே எனினும், அம்மாற்றங்களுள் பல அதன் உடலியல்பைச் சேர்ந்தவை.

தோலுரித்தல் அவற்றுள் ஒன்று. தோலின் மேற்படலம் உதட்டோரத்தில் பிரிந்து வாலை நோக்கிச் சுருண்டு கழல்கையில், முன்காலின் நான்கு விரல்களையும் மூடியிருந்த பகுதி சிதையாமல் கையுறைபோல் நீரில் மிதப்பதைக் காணலாம். பெரும்பாலும் அந்தத் தோலை நியூட்டே தின்றுவிடுவதால் இக்காட்சி பலர் கண்ணில் படுவதில்லை.

இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் வால் அகன்று, அதன் பக்கங்களில் நீலமும் ஊதாவும் கலந்த மினுமினுப்புப் படர்வதோடு, கழிவும் இனச்செல்களும் வெளியேறும் பொதுத்துளையான கழிவுப்புழை பருத்துவிடுவதால், பின்கால்களுக்கு இடையே கட்டி வளர்ந்துவிட்டதாகப் புதியவர்கள் கலங்குவர். பிட்யூட்டரி சுரப்பியின் புரோலாக்டினும் ஆண்மை ஹார்மோன்களும் இணைந்து உண்டாக்கும் இம்மாற்றங்கள், பருவம் கழிந்ததும் தணிந்துவிடும். வட அமெரிக்காவின் கிழக்கத்திய நியூட்டில் மாற்றம் இன்னும் பெரிது: நீரில் பிறந்த இளம் உயிர் செம்மஞ்சள் நிறத்தோடு சில ஆண்டுகள் காட்டுத்தரையில் வாழ்ந்து, பின்னர் பச்சை நிறமேறி, வால் தட்டையாகி, மீண்டும் நீருக்கே திரும்புகிறது.

இரைக்கான போட்டியில் கடிபட்ட விரலின் நுனியில் வெளிறிய மொட்டு ஒன்று எழுவது சீழன்று. பிளாஸ்டீமா எனப்படும் அச்செல்திரளிலிருந்தே எலும்பும் தசையும் புதிதாக உருவாகின்றன. சாலமண்டர்களின் இத்திறனை இத்தாலியரான ஸ்பல்லன்சானி 1768-இலேயே விவரித்தார். தீவயிற்று நியூட்டின் கண்வில்லையை 16 ஆண்டுகளில் 18 முறை அகற்றியபோதும் அது குறையின்றி மீண்டும் வளர்ந்ததென 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. உடலியலில் இதற்கு இணையான வியப்பு அரிது.

ஆனால் உடல் முழுதும் உப்பி, தோல் விறைத்து, நியூட் உண்ண மறுக்குமானால் அதனை இயல்பெனக் கொள்ளலாகாது. நன்னீர் அதன் தோல் வழியே இடையறாது உட்புகுவதால், மிகுநீரை வெளியேற்றும் சிறுநீரகம் பழுதுற்றாலோ நோய்த்தொற்று ஏற்பட்டாலோ திரவம் உடலுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. குளிர்ந்த நீரை நாடும் இவ்வுயிரை 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும், கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவும், குழாய்நீரின் குளோரினும் நலியச் செய்வதால், மருந்தைத் தேடுமுன் நீரின் வெப்பத்தையும் தூய்மையையும் சோதித்துவிட்டு, இருவாழ்விகளை அறிந்த கால்நடை மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டுவதே தக்கது.