மண் தரும் குளிரும் மின்சாரம் தரும் குளிரும்

சித்திரை வெயிலில் விருத்தாசலம் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வீடு திரும்பி, மண்பானையிலிருந்து ஒரு குவளை நீர் மொண்டு குடிக்கும்போது கிடைக்கும் இன்பத்தை நாம் யாவரும் அறிவோம். அந்தப் பானைக்கு மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. ஆயினும் நீர் குளிர்ந்திருக்கிறது. ஒரு பானை ஒரு குடம் நீரைக் குளிர்விக்குமானால், பானையைப் போலவே ஓர் அறையைக் கட்டி, ஆள் உள்ளே நுழைந்து காய்கறியையும் கறியையும் அடுக்கி வைக்க முடியாதா? என் தாய்மாமன் இந்தக் கேள்வியைக் கேட்டார். அறையைக் கட்டியும் பார்த்தார். அதில் ஒரு பாதி வெற்றி, மறு பாதி தோல்வி. அந்த இரண்டு பாதிகளுக்கும் இடையே உள்ள அறிவியலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பானையின் இரகசியம்

நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் நீர் சாதாரண வெப்பநிலையில் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,430 கிலோ ஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்கிறோம். பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியே நீர் கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பம் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுக்கப்படுவதால் நீர் குளிர்கிறது.

செராமிக் நகரத்தில் வாழும் நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்த் தொழிற்பேட்டையில் செய்யப்படும் பீங்கானும் களிமண்ணால் ஆனதே. ஆனால் அது 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து, மெருகுப் பூச்சும் ஏற்பதால் துளைகள் அடைபட்டுவிடுகின்றன. அதனால்தான் அது மின்சாரத்தைத் தடுக்கும் பொருளாகப் பயன்படுகிறது, நீரையும் கசியவிடாது. குயவர் சூளையில் 1,000 பாகைக்கும் குறைந்த சூட்டில் வெந்த பானையோ துளைகளைக் காத்துக்கொள்கிறது. பீங்கான் சாடியில் ஊறுகாய் கெடாது. ஆனால் தண்ணீர் குளிராது. ஒன்றின் குறை மற்றொன்றின் நிறை.

பானையிலிருந்து அறைக்கு

இந்தத் தத்துவத்தைக் கொண்டு புதுதில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் ராய், குர்தியா என்னும் அறிவியலாளர்கள் 1980களில் மின்சாரமே வேண்டாத குளிர்ப்பெட்டகம் ஒன்றை உருவாக்கினர். செங்கல்லால் இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் மணல். மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். மேலே ஈரச் சாக்கு மூடி. கோடையில் உள்ளே வெப்பம் 10 முதல் 15 பாகை வரை குறைகிறது. உள்ளே ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டுவதால் காய்கள் வாடுவதில்லை. ஆப்பிரிக்காவில் நைஜீரியாவைச் சேர்ந்த முகமது பா அப்பா என்னும் ஆசிரியர் 1990களில் ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து, நடுவில் ஈர மணல் இட்டு, ஏழை உழவர்களின் காய்கறிகளைக் காத்தார். குஜராத்தில் வாங்கானேர் ஊர்க் குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி களிமண்ணாலேயே குளிர்ப்பெட்டி செய்து புகழ் பெற்றார்.

என் மாமா கத்தரியும் வெண்டையும் பயிரிடுபவர். மாலையில் பறித்த காயை அன்றே கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். ஓர் இரவு வைத்தால் தோல் சுருங்கிவிடும். ஆகவே பூசாப் பெட்டகத்தைப் பெரிதாக்கி, ஆள் நுழையும் அறையாகவே கட்டினார். வேப்பமர நிழலில் மேடான இடம். அதிகம் வெந்து கறுக்காத, நீரை உறிஞ்சும் செங்கல். ஈர மணலின் பாரத்தால் சுவர் பிதுங்காதபடி இரண்டு சுவர்களையும் ஆங்காங்கே குறுக்குக் கல்லால் பிணைத்தார். சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்யவில்லை. பூசினால் துளை அடைபட்டு ஆவியாதல் நின்றுவிடும். மணலின் தலைமாட்டில் துளையிட்ட குழாயைப் படுக்கவைத்து, உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து நீர் சொட்டவிட்டார். கூரைக்குக் கீற்று, வாசலுக்கு வெட்டிவேர்த் தட்டி.

காய்கறிக்கு அந்த அறை அருமையாக உதவியது. மறுநாள் காலைச் சந்தை வரை காய் பறித்த பொலிவோடு இருந்தது. வியாபாரியிடம் "நாளைக்குத் தர்றேன்" என்று சொல்லும் துணிவு மாமாவுக்கு வந்தது. அந்த ஒரு சொல்லில்தான் உழவனின் இலாபம் இருக்கிறது.

தவறு நேர்ந்த இடம்

அடுத்த ஆண்டு வீட்டில் காதணி விழா. முந்தின நாள் மாலையே இரண்டு ஆடுகளை அறுத்து, கறியை அண்டாவில் போட்டு அந்த அறையில் வைத்தார்கள். உள்ளே கை நீட்டினால் சில்லென்று இருந்தது; யாருக்கும் ஐயம் எழவில்லை. விடியற்காலையில் மசாலை அரைத்தாகிவிட்டது. அண்டாவைத் திறந்த ஆயா ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்து, "டேய், கறி வழவழங்குது. அடுப்புல ஏத்தாதீங்க" என்றார். மாமா மறுத்துப் பேசினார், முதலைப் பார்த்தார், பந்திக்கு வரும் முந்நூறு பேரை நினைத்தார். பிறகு வாய் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தென்னை மரத்தடியில் குழி வெட்டினார். அன்று பந்தியில் சாம்பார்தான்.

ஏன் இப்படி ஆயிற்று? ஆவியாதலால் வரும் குளிருக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறினால் அது காட்டும் அளவே அந்த எல்லை. இதனை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். வெளியே 40 பாகை வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கோடை நண்பகலில் அந்த எல்லை ஏறக்குறைய 26 பாகை. மழைக்காலத்தில் 30 பாகையும் 80 விழுக்காடும் இருந்தால் எல்லை 27 பாகை. மூன்று பாகைதான் ஆதாயம். எவ்வளவு நீர் ஊற்றினாலும் இந்த எல்லையைத் தாண்ட இயலாது.

கத்தரிக்காய்க்கு 26 பாகை போதும். இறைச்சிக்கோ 5 பாகைக்குக் கீழே வேண்டும். அதற்கு மேலே, 60 பாகை வரை, நுண்ணுயிரிகள் பெருகும். தக்க சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். அப்படியானால் ஒன்று, ஆறு மணி நேரத்தில் 2,62,144 ஆகிவிடும். 26 பாகையில் வேகம் சற்றுக் குறையலாம்; ஆனால் ஓர் இரவு நீண்டது. காயை வாடாமல் காத்த அதே ஈரப்பதம் கறியின்மேல் கிருமிக்கு விருந்தாயிற்று. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை. முந்நூறு பேரைக் காப்பாற்றியது எங்கள் ஆயாவின் விரல் நுனி.

இரண்டாவது அறை

அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்குச் செல்வோர் மானிறைச்சியைத் தொங்கவிட வீட்டிலேயே குளிர் அறை கட்டிக்கொள்கின்றனர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆனால் அவர்களது அறையின் அமைப்பு நம் ஆட்டுக்கறிக்கும் மீனுக்கும் பொருந்தும்.

இங்கே சுவரின் வேலை நேர்மாறானது. முதல் அறையின் சுவர் நனைய வேண்டும். இந்த அறையின் சுவர் நனையவே கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 2.4 மீட்டர் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். தரை, கூரை உட்பட ஆறு பக்கமும் 10 சென்டிமீட்டர் தெர்மோகோல் பதித்தால், வெளியே 40 பாகையும் உள்ளே 4 பாகையும் இருக்கும்போது சுவர் வழியே நுழையும் வெப்பம் 435 வாட் அளவே. வெறும் 23 சென்டிமீட்டர் செங்கல் சுவரானால் 2,500 வாட்டை நெருங்கும். நூறு கிலோ கறியை 35 பாகையிலிருந்து 4 பாகைக்கு எட்டு மணி நேரத்தில் இறக்க மேலும் 370 வாட் அளவுக்கு வெப்பத்தை அகற்ற வேண்டும். ஒரு டன் ஏசி என்பது 3,500 வாட் வெப்பத்தை அகற்றுவது. குளிர்ந்த அறையில் அதன் திறன் குறையும். கதவு திறப்பதாலும் வெப்பம் நுழையும். ஆகவே ஒன்றரை டன் வைப்பது நலம்.

சாதாரண ஏசி 16 பாகையில் நின்றுவிடும். அதன் வெப்ப உணரியை ஏமாற்றி மேலும் ஓடவைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இப்போது உண்டு. குழாய்களில் பனி படியும்போது அது ஏசியைச் சற்று நிறுத்தி உருகவிடும். இன்னும் நான்கு செய்திகளை மறத்தல் ஆகாது. தெர்மோகோலின் வெளிப்பக்கம் இடைவெளியில்லாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும். இல்லையேல் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து நீராகும். தெர்மோகோல் எளிதில் தீப்பிடித்து நச்சுப் புகை கக்கும். உட்பக்கத்தைத் தகரத் தகட்டால் மூட வேண்டும். கதவை உள்ளிருந்தும் திறக்கக் கைப்பிடி கட்டாயம் வேண்டும். மின்தடைக்காக உப்புநீர் நிரப்பி உறையவைத்த புட்டிகளைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

மண்ணின் குளிர் மலிவானது, ஆனால் அளவுடையது. மின்சாரத்தின் குளிர் ஆழமானது, ஆனால் செலவுடையது. எதற்கு எது என்று அறிவதே அறிவு. மாமா இன்றும் முதல் அறையில் காய்களை அடுக்குகிறார். அதன் வாசலில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. விசேஷ நாளில் கறி காலையில்தான் அறுபடுகிறது. நண்பர்களே, கைக்குச் சில்லென்று இருப்பதை நம்பாதீர்கள். பாதரசம் சொல்வதை நம்புங்கள். வெப்பமானி இல்லாத வீட்டில், பாட்டி சொல்வதையாவது கேளுங்கள்.