சமநிலையும் ஒரு முடிபே

சதுரங்கம் பயிலும் மாணவர் பலர், வெற்றி தோல்வியின்றி முடியும் ஆட்டத்தை வீண் முயற்சியெனக் கருதுவர். அக்கருத்து எத்துணைப் பொருந்தாதது என்பதனை ஓர் ஆட்டத்தைக் கொண்டு நோக்குவோம்.

1960ஆம் ஆண்டு, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரிற் பதினான்காவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. சோவியத் அணியின் முதற் பலகையில் அவ்வாண்டே உலக வெற்றிவீரரான மிகாயில் தால் கருங்காய்களுடன் அமர்ந்தார். எதிரே, அமெரிக்காவின் பொபி பிஷர், பதினேழு வயதினர். முந்திய ஆண்டிலே தாலுடன் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றிருந்தவர்.

தால் மேற்கொண்டது 'பிரெஞ்சுத் தற்காப்பு' எனும் தொடக்கம். வெள்ளையார் அரசன்முன் நிற்குங் காலாளை இரு கட்டம் நகர்த்த, கறுப்பார் தம் காலாளை ஒரு கட்டம் மாத்திரம் நகர்த்துவர். 1834இல் இலண்டனுக்கும் பாரிசுக்குமிடையே கடிதமூலந் தொடங்கிய போட்டியிற் பாரிசு நகரத்தார் இதனை ஆடி வென்றமையால் இப்பெயர் வழங்கலாயிற்று. உறுதியான அரண் இது. எனினும், கறுப்பாரின் அமைச்சருள் ஒருவர் தம் காலாட்களுக்குப் பின்னே அடைபட்டுக் கிடப்பது இதன் குறை. தால் மற்றை அமைச்சரை முன்செலுத்தி வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போட்டார். வினாவர் என்னும் போலந்து வீரர் பெயரால் வழங்கும் முறை அது. அமைச்சர் அகன்றமையால் அரசன்பக்கத்துக் காவல் தளர்ந்தது. பிஷரின் அரசி அங்கே புகுந்து காலாட்கள் இரண்டை வீழ்த்தினாள். அதற்குள் தால் தம் படையை அணிவகுத்துக்கொண்டார்.

பதினான்காம் நகர்த்தலிற் போர் மூண்டது. தொடர்ந்து ஒன்பது முறை இருவரும் மாறிமாறி வெட்டினர். ஒன்பதாவது வெட்டில், தால் தம் கோட்டையைப் பிஷரின் அரசனருகே துணிந்து நிறுத்தினார். மூன்று நகர்த்தல்களின் பின் அரசன் அதனை வெட்டினான். இப்போது பிஷரிடம் ஒரு கோட்டை. தாலிடம் அதற்கு ஈடாகக் குதிரை மட்டுமே. காலாட்களிலும் பிஷருக்கு ஒன்று மிகுதி. ஆயினும் வெள்ளையரசனைக் காத்துநின்ற காலாள் மறைந்துவிட்டது. இருபத்தோராம் நகர்த்தலிற் கறுப்பரசி 'செக்' கூறினாள். அரசன் எங்கு ஒதுங்கினும் மீண்டும் செக், அதற்கு முடிவில்லை. ஆட்டம் சமநிலையாயிற்று.

இருவரும் அஞ்சி ஒதுங்கியதனால் வந்த சமநிலையன்று இது. ஒருவர் தாக்குதலை மற்றவர் முழுதும் ஈடுசெய்தமையால் வந்தது. 1961இல் பிளெட் நகரிற் பிஷர் தாலை வென்றார். எனினும், மறக்கவியலாத தம் அறுபது ஆட்டங்களைத் தொகுத்து 1969இல் வெளியிட்ட நூலில், இச்சமநிலைக்கும் இடமளித்தார். மாணவரின் உழைப்பை வென்றார், தோற்றார் என இரு கூறாக்கி மதிப்பிடும் பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சற்றே சிந்தித்தல் நன்று.