மலை ரயில் யாருக்காக?

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நீலகிரி மலை ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்ற குறை எழுவது வழக்கமாகிவிட்டது. உதகைக்குச் செல்லும் குடும்பங்களின் பட்டியலில் தாவரவியல் பூங்காவுக்கும் படகு இல்லத்துக்கும் இணையான இடம் அந்த ரயிலுக்கு உண்டு. ஆனால், முன்பதிவு தொடங்கியதும் இருக்கைகள் நிரம்பிவிடுவதால், பலரும் நிலையத்தில் நின்று ரயிலைப் படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் மலையேறுகின்றனர்.

இதை வெறும் இருக்கைப் பற்றாக்குறையாக மட்டும் பார்க்க முடியாது. மலையேறும் ரயில் பொதுப் போக்குவரத்தா, சுற்றுலாப் பொருளா என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், தளவாய்புரம் பகுதி மக்களுக்கு அந்தக் கேள்வி தொலைவில் இருப்பதன்று. அவர்களது ஊர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையே செங்கோட்டையைக் கடந்ததும் மலைப்பாதையாக மாறுகிறது.

மலையில் ரயில் ஓட்டுவது ஏன் கடினம் என்பதை முதலில் பார்க்கலாம். இரும்புத் தண்டவாளத்தின் மீது இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் பெரும் சுமையைக் குறைந்த ஆற்றலில் இழுக்க முடிவது அதனால்தான். அதே காரணத்தால் செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, பாதையை வளைத்து வளைத்து நீட்டி, குகைகளும் பாலங்களும் அமைத்து ஏற்றத்தைத் தணிப்பது. மற்றொன்று, தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதித்து, என்ஜினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுமாறு செய்வது.

நீலகிரி பாதை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதி 1899-இல் திறக்கப்பட்டது. உதகை வரையிலான பணி 1908-இல் நிறைவுற்றது. சுமார் 46 கி.மீ. தொலைவுக்குள் இந்த ரயில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சட்டத்தின் துணையோடு, பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குச் செங்குத்தான ஏற்றத்தையும் கடக்கிறது. மேலேறும்போது நீராவி என்ஜின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னிருந்து தள்ளுகிறது. பெட்டிகள் கழன்று கீழ்நோக்கி உருண்டுவிடாதபடி தாங்கி நிற்பதற்கான ஏற்பாடு அது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இத்தகைய பாதையில் வேகமோ அதிகப் பெட்டிகளோ சாத்தியமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்து சேவை நின்றுபோவதும் அடிக்கடி நேர்கிறது. இருக்கைகள் குறைவு, விரும்புவோர் ஏராளம் என்ற நிலையில் கட்டணம் உயர்ந்த சிறப்பு ரயில்கள் வருகின்றன. முன்கூட்டியே திட்டமிட முடிந்தவருக்கே இடம் கிடைக்கிறது. குன்னூரிலிருந்து உதகைக்கு அன்றாட வேலைக்குச் செல்பவர் அந்தப் போட்டியில் பின்தங்குகிறார். 1881-இல் நிறைவடைந்த டார்ஜிலிங் மலை ரயிலும் இத்தகைய மாற்றத்தைக் கண்டதுதான். சமவெளியையும் மலை நகரத்தையும் இணைக்கப் பிறந்த அந்த ரயில், இன்று டார்ஜிலிங்குக்கும் கூம் நிலையத்துக்கும் இடையிலான உல்லாசச் சுற்றுகளுக்காகவே பெரிதும் அறியப்படுகிறது.

நம் பகுதியின் பாதை முதல் வகையைச் சேர்ந்தது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே சுமார் 50 கி.மீ. நீளும் மலைப்பகுதியில் 1904-இல் ரயில் ஓடத் தொடங்கியது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சென்னை மாகாணத்தோடு இணைத்த முதல் இருப்புப்பாதை அதுவே. செங்கோட்டை அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. 1956-இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. மலைக்கு இருபுறமும் வாழ்ந்த மக்களின் வணிகமும் உறவும் வழிபாடும் நிர்வாக எல்லைக்குக் கட்டுப்பட்டதில்லை. அந்த உறவுக்கு ரயில் வேகம் தந்தது. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-இல் பாதை வந்தபோது, நமது ஊர்களும் அந்தத் தொடர்பில் இணைந்தன.

உயரத்தில் இந்தப் பாதை நீலகிரிக்கு ஒப்பாகாது. அழகில் குறைந்ததென்று சொல்லவும் முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே போகப் போக மேற்குத்தொடர்ச்சி மலை வலப்புறத்தில் துணைவருகிறது. பகவதிபுரத்தைத் தாண்டியதும் ரயில் மலைக்குள் நுழைகிறது. எல்லையில் நீண்ட குகைப்பாதை. அப்பால் ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று காட்டுக்குள் நிலையங்கள் வரிசையாக வருகின்றன. கழுதுருட்டி அருகே, கல்லால் கட்டப்பட்ட பதிமூன்று கண் பாலத்தின் மீது ரயில் செல்வதைக் கீழே நெடுஞ்சாலையில் செல்வோர் நின்று பார்க்கின்றனர். குற்றாலச் சாரல் காலத்தில் பாதையின் இருபுறமும் ஓடைகள் நிறைந்து ஓடும்.

மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக இந்தப் பகுதியில் 2010-இல் ரயில் நிறுத்தப்பட்டது. மீண்டும் ஓடியது 2018-இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் மலையைக் கடக்கப் பேருந்து ஒன்றே கதியாக இருந்தது. பழைய சிறு ரயிலை அப்படியே பாரம்பரியச் சின்னமாகக் காத்திருக்கலாமே என்று வருந்துவோர் இன்றும் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், அவ்வாறு செய்திருந்தால் சென்னை - கொல்லம் விரைவு ரயில் இவ்வழியே வந்திருக்காது. 2023 முதல் மதுரையையும் குருவாயூரையும் இணைக்கும் விரைவு ரயிலும் ஓடியிருக்காது. இந்த ரயில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் பகல் வெளிச்சத்திலேயே மலையைக் கடக்கிறது. ஆரியங்காவு ஐயப்பன் கோயிலுக்குச் செல்லும் பக்தரும், கொல்லத்தில் வேலை பார்ப்பவரும், தளவாய்புரத்தில் தைத்த ஆடைகளைக் கேரளத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பும் சிறு வியாபாரியும் ஒரே பெட்டியில் பயணம் செய்யலாம். முன்பதிவற்ற பெட்டியின் சன்னலிலும் அதே பாலமும் அதே காடும் தெரிகின்றன.

இந்தப் பாதையின் சிறப்பே அதுதான். இங்கே காட்சிக்கென்று தனிக் கட்டணம் இல்லை. அதனாலேயே, சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்ற குரல் எழும்போது நாம் கவனமாக இருக்க வேண்டியுள்ளது. சுற்றுலா வேண்டாம் என்பதல்ல வாதம். எத்தகைய சுற்றுலா ரயில், யாருடைய இடத்தில் என்பதே கேள்வி.

இதற்கு நல்ல முன்மாதிரி சுவிட்சர்லாந்தில் உள்ளது. ஆல்புலா - பெர்னினா பாதை 2,253 மீட்டர் உயரமுள்ள பெர்னினா கணவாயை, பற்சட்டத்தின் உதவியே இல்லாமல் கடக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பாதை அது. பெரிய கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட 'பெர்னினா எக்ஸ்பிரஸ்' அதில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகிறது. அதற்கு முன்பதிவும் கூடுதல் கட்டணமும் உண்டு. அதே தண்டவாளத்தில் உள்ளூர் மக்களுக்கான சாதாரண ரயில்களும் நாள் முழுவதும் ஓடுகின்றன. அவற்றில் வழக்கமான பயணச்சீட்டு போதும். சுற்றுலா ரயில் கூடுதலாக வந்ததே தவிர, உள்ளூர் ரயிலின் இடத்தைப் பறித்துக்கொள்ளவில்லை.

இலங்கையின் கொழும்பு - பதுளை பாதையும் நமக்குப் பாடம். காப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கப் போடப்பட்ட அந்தப் பாதையில், பட்டிப்பொளை நிலையம் ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் உள்ளது. எல்லவுக்கு அருகிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றனர். அதே ரயில்தான் மலையகத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் தலைநகருக்கும் வழி. பார்க்க வருபவரும் வாழ்பவரும் ஒரே ரயிலை நம்பியிருக்கும் இடத்தில், இருவருக்கும் இடம் ஒதுக்குவது நிர்வாகத்தின் கடமை.

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. சென்னை பெரம்பூரிலுள்ள ஐ.சி.எஃப். தொழிற்சாலை, கண்ணாடி மேற்கூரையும் சுழலும் இருக்கைகளும் கொண்ட 'விஸ்டாடோம்' பெட்டிகளைத் தயாரிக்கிறது. இரும்புத் தாதுவை ஏற்றிச் செல்ல அமைக்கப்பட்ட பாதையில், விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் சாதாரண ரயிலோடு 2017-இல் அத்தகைய பெட்டி இணைக்கப்பட்டது. தனியாக ஒரு சொகுசு ரயில் தேவைப்படவில்லை. பணம் செலுத்த முடிந்தவர் கண்ணாடிப் பெட்டியிலும் மற்றவர் வழக்கமான பெட்டியிலும் ஒன்றாகவே மலையேறுகின்றனர்.

செங்கோட்டை வழியில் பகலில் ஓடும் ரயிலிலும் இதைச் செய்யலாம். ஆனால், ஒரு நிபந்தனை வேண்டும்: கண்ணாடிப் பெட்டி கூடுதல் பெட்டியாக இருக்க வேண்டும், முன்பதிவற்ற பெட்டி ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டக் கூடாது. மலைப்பகுதியில் எத்தனை பெட்டிகளை இழுக்கலாம் என்பதற்கு எல்லை இருப்பதால் இந்த நிபந்தனை முக்கியமானது. ஏற்றத்தையும் வளைவையும் மனத்தில் கொண்டே அந்த எல்லை வகுக்கப்படுகிறது. எல்லை எட்டப்பட்ட ரயிலில் புதிதாக ஒரு பெட்டி சேர்ந்தால் வேறொன்று வெளியேறியாக வேண்டும். வருவாயை மட்டும் கணக்கிட்டால் வெளியேறுவது எந்தப் பெட்டி என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நிலை வருமானால், பகல் நேரத்தில் இன்னொரு ரயிலை இயக்குவதே முறை.

காடும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். தென்மலையைச் சுற்றிச் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. நமது பக்கத்தில், சாம்பல் நிற அணில்களின் புகலிடமான மலைப்பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகியுள்ளது. மலையைப் பார்க்க வரும் கூட்டம் சன்னல் வழியே நெகிழிப் புட்டிகளை வீசிச் சென்றால், பார்க்க வந்ததையே அழித்தவராவோம். நிலையங்களில் குடிநீர் வசதியும் பெட்டிகளில் குப்பைக் கூடைகளும், கண்ணாடி மேற்கூரைக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பயன்படுத்திவரும் வழி இது. கண்ணாடிப் பெட்டி கோரி ரயில்வேக்கு மனு அளிக்கும் வர்த்தக சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும், முன்பதிவற்ற பெட்டிகளின் எண்ணிக்கை குறையக் கூடாது என்ற ஒரு வரியையும் அதே மனுவில் சேர்க்க வேண்டும்.